மேல்குடில் திறந்திருக்கிறது

புஷெஹர், எஸ்ஃபந்த் 3

மனூசெஹருக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். பேருந்தில் பரஸ்து இஸ்ஃபஹான் வரை கண்ணை மூடவில்லை. அதற்குப் பிறகு எழுப்பியும் எழவில்லை. ஆஸர் அக்கா கடலைப் பார்த்த அறையை எங்களுக்குக் கொடுத்திருக்கிறாள். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை இல்லை. நான் கேட்டது அவ்வளவுதான். டெஹ்ரானில் ரொட்டி வாங்கத் தெருவுக்கு வந்தால்கூட வடக்கே அது நிற்கிறது.

தொலைபேசியில் அழைக்காதீர்கள். தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, பரஸ்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நீங்கள் பேசப் பேச என் முகத்தைப் பார்ப்பாள். பத்து வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு வேலை வேண்டாம். எழுதுங்கள், பதில் எழுதுகிறேன்.

நான் கிளம்பியதற்குக் காரணம் சொல்லவில்லை என்று உங்கள் சித்தி குறைபட்டுக்கொண்டதாக அறிகிறேன். ஹூமனின் நாற்பதாம் நாளில் வந்தவர்கள் முன்னால் நீங்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "மலை என் பையனை எடுத்துக்கிச்சு" என்றீர்கள். கூடம் முழுக்க அழுதது. "இவளப் பாரு, படிச்சவ, கல்லு மாதிரி உக்காந்திருக்கா" என்று சித்தி என் காதுபடச் சொன்னார். மலை யாரையும் எடுத்துக்கொள்வதில்லை, மனூசெஹர். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், ஈரமான உடை, காற்று, பூட்டிய கதவு. மலையேறுகிறவர்கள் ஒதுங்கும் அந்த மேல்குடிலின் சுவரில் சாய்ந்தபடி அவனைக் கண்டெடுத்தார்கள். கதவு திறந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பான். இதில் கவிதைக்கு இடமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையே நீங்கள் மறுபடி மலைக்குப் போனீர்கள். அதையும் நான் பார்த்தேன். அதுதான் காரணம்.

பல்கலைக்கழகத்தில் இந்தப் பருவம் முழுக்க விடுப்பு சொல்லியிருக்கிறேன். புத்தாண்டு முடிந்ததும் திரும்பலாமா என்று பிறகு முடிவு செய்வோம். பரஸ்துவின் மெல்லிய ஆடைகளை அனுப்புங்கள், இங்கே இப்போதே வெயில்.

மஹின்


டெஹ்ரான், எஸ்ஃபந்த் 12

மஹின் ஜான்,

எனக்கு 'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். கல்லூரியில் உன்னைவிட மேல் வகுப்பில் இருந்தபோதுகூட நீ எனக்கு அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை. பரவாயில்லை. ஆடைகளை அனுப்பிவிட்டேன். மூட்டைக்குள் பரஸ்துவுக்குத் தேநீர்க் கடை மஷ் ரஜப் கொடுத்த புளிப்புப் பழச்சுருளும் இருக்கிறது, எறும்பு வருவதற்குள் எடுத்துவிடு.

ஆமாம், போகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் ஹூமனின் அறைக் கதவு தெரிகிறது. உனக்கு மலை, எனக்கு அந்தக் கதவு. தரக்கே பள்ளத்தாக்கில் ஓடையை ஒட்டி ஏறும்போது, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள், "களைப்பில்லாம இருங்க" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். ஊருக்குள் அதே ஆட்கள் கார் கண்ணாடியை இறக்கி என் அம்மாவைத் திட்டுவார்கள். மேலே ஒரு மணி நேரமாவது மனிதர்களைப் போல இருக்கிறார்கள்.

உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஹூமனுடன் அன்று போன ஷாஹின் சொன்னது நினைவிருக்கிறதா? பனிச்சரிவுக்குக் கீழே, ஷாஹினின் காலணி நனைந்துவிட, திரும்பலாமா என்று இரண்டு பேரும் யோசித்து நின்றிருக்கிறார்கள். மேலிருந்து ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு ஆள் இறங்கி வந்திருக்கிறார். குடில் திறந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். "திறந்திருக்கு தம்பி, நூரோல்லா டீ போட்டு வச்சிருக்கான். இந்த வளைவு தாண்டினா குடில்தான்" என்றாராம். "நீ போய்க் குடிச்சிட்டு வா, நான் கீழ இருக்கேன்" என்று ஷாஹின் இறங்கிவிட்டான். குடில்காரர் நூரோல்லா அன்று காற்றுக்குப் பயந்து மலைக்கே வரவில்லை. கதவு காலையிலிருந்தே பூட்டித்தான் இருந்தது.

அந்தத் தொப்பியைப் பார்த்துவிட்டேன், மஹின். போன வெள்ளிக்கிழமை மஷ் ரஜபின் தேநீர்க் கடையில், கம்பளம் விரித்த கட்டிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து பீட்ரூட் தின்றுகொண்டிருந்தது. பெயர் கமாலி. தஜ்ரீஷ் கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். குண்டு, வாயாடி. "எடுத்துக்குங்க இன்ஜினியர், பீட்ரூட் சாப்பிட்டா ரத்தம் ஊறும். இந்த வயசுல நமக்கு ஊற வேற என்ன இருக்கு" என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

சாப்பிட்டேன். நான் யார் என்று சொல்லவில்லை. பிறகு ஷாஹினை அந்தக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அவரேதான் என்றான்.

இந்த வெள்ளிக்கிழமை சேர்ந்து ஏறலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

உன் மனூசெஹர்


புஷெஹர், எஸ்ஃபந்த் 20

மனூசெஹருக்கு,

மூட்டை வந்தது. எறும்பும் வந்தது.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மகனின் சாவுக்குக் காரணமானவர் என்று நினைக்கும் ஒருவரைக் கண்டுபிடித்த மனிதன் என்ன செய்வான்? சட்டையைப் பிடிப்பான். அல்லது அழுவான். அல்லது எழுந்து போய்விடுவான். நீங்கள் அவருடைய பீட்ரூட்டைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். கோபம் வந்தால் தெரு முழுக்கக் கேட்கக் கத்துகிறவர் நீங்கள். நீங்கள் அமைதியாக இருப்பதை இத்தனை வருடத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை, பார்த்தபோதெல்லாம் எனக்குப் பிடித்ததுமில்லை.

அந்த மனிதர் சொன்னது என்ன? மலையில் எல்லோரும் சொல்வது. இறங்குகிறவர் ஏறுகிறவரிடம் 'இன்னும் நிறைய இருக்கிறது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வளைவு தாண்டினால் குடில், குடிலில் தேநீர். நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? மூச்சு வாங்க நின்ற ஒரு கிழவரிடம் நீங்கள் சொன்னபோது நானே பக்கத்தில் இருந்தேன். "ஏன் பொய் சொல்றே" என்று கேட்டேன். "ஏறுறவன் மனச ஒடிக்கக் கூடாது" என்றீர்கள். ஹூமன் சிரித்தான்.

அதனால் தூரத்தைப் பற்றிச் சொன்னதை அவன் நம்பியிருக்க மாட்டான். குழந்தையிலிருந்து நடந்த பாதை. கதவைப் பற்றிச் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறான். அதை அவன் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. நானும் இங்கே அதையேதான் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

இரண்டில் ஒன்று செய்யுங்கள். நான்தான் அந்தப் பையனின் அப்பா என்று அவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அவருடன் மலையேறுவதை நிறுத்துங்கள்.

மஹின்


டெஹ்ரான், ஃபர்வர்தீன் 2

மஹின் ஜான்,

புத்தாண்டு பிறந்த நிமிடத்தில் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். மேசையில் வழக்கமான புத்தாண்டுப் பொருள் எதையும் பரப்பவில்லை. முளைவிட்ட கோதுமையைப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். பரஸ்துவுக்குப் புத்தாண்டுக் காசை உறையில் வைத்திருக்கிறேன். தூரத்து உறவுத் தம்பி ஒருவன் அங்கே வருகிறான், கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டதைச் செய்யவில்லை. சொல்வதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். இப்போது தெரியும்.

மூன்று வெள்ளிக்கிழமைகள் சேர்ந்து ஏறினோம். கமாலி மேல்குடில் வரை போவதே இல்லை, மஹின். பனிச்சரிவின் அடிவாரத்தில் ஒரு பாறை இருக்கிறதே, அதில் உட்கார்ந்து அக்ரூட் கொட்டை உடைத்துத் தின்றுவிட்டு, "முட்டி வலிக்குது இன்ஜினியர், மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று இறங்கிவிடுகிறார். இறங்கும்போது வாய் ஓய்வதில்லை. ஏறி வருகிறவர்கள் யார் கேட்டாலும் ஒரே பதில்: "அருமையா இருக்கு, கதவு திறந்திருக்கு, டீ கொதிக்குது."

நான் கேட்டேன். "நீங்கதான் மேலயே போகலையே கமாலி, எப்படிச் சொல்றீங்க?"

"போகலன்னு எவனாவது சொல்வானா? நான் பாதியில திரும்பினவன்னு அவனுக்கு எதுக்குத் தெரியணும்? அவனுக்கும் ஒரு தெம்பு, எனக்கும் ஒரு மரியாதை."

"கதவு பூட்டியிருந்தா?"

"பூட்டியிருந்தா இறங்கிடப் போறான். கால் இருக்கில்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "தெய் மாசக் குளிர்ல ஒரு மாணவன் மேல உறைஞ்சு செத்துட்டான், கேள்விப்பட்டீங்களா? எனக்கு அன்னிக்கு முழுக்கச் சோறு இறங்கல. பெத்தவங்க எப்படித்தான் அந்தக் காத்துல அனுப்புனாங்களோ" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பொய்யில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. தொடர்பே இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவர் அந்த நாளை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார், நான் மட்டும் தினமும் அந்தக் கதவை இரவில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய மனைவி சொரய்யா, இரண்டு சின்னப் பெண்கள். பெரியவளுக்குப் பரஸ்துவின் வயது இருக்கும். புத்தாண்டின் பதிமூன்றாம் நாள் வீட்டுக்குள் இருப்பது ஆகாதே, எல்லோரும் வெளியே போகிற நாள். குடும்பத்தோடு தரக்கேவுக்கு வருவதாகச் சொன்னார். "பிள்ளைங்களுக்கு மேல்குடிலக் காட்டணும், என் மானத்தக் காப்பாத்துங்க, நீங்களும் வாங்க" என்று சிரித்தார். நூரோல்லா அன்று ஊருக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும், அவரே சொன்னார். பதிமூன்றாம் நாள் மேலே யாரும் இருக்க மாட்டார்கள்.

உன் மனூசெஹர்


புஷெஹர், ஃபர்வர்தீன் 7

மனூசெஹருக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பதிமூன்றாம் நாளுக்குள் கையில் கிடைக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய கடைசி வரிகளை வேறு யாராவது படித்தால் அதில் ஒன்றுமில்லை என்பார்கள். ஊருக்குப் போகிற ஒரு குடில்காரர், உலாப் போகிற ஒரு குடும்பம். உங்களுடன் இத்தனை வருடம் வாழ்ந்த நான் அப்படிப் படிக்க முடியாது. கதவு பூட்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அதை அவரிடம் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

நான் உங்களைவிட நல்லவள் என்று காட்டிக்கொள்ளவில்லை. உங்கள் கடிதம் வந்த இரவில், அந்த மனிதர் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை நானும் கற்பனை செய்தேன். தொப்பியோடு. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. காலையில் எழுந்து பரஸ்துவுக்கு முட்டை அவித்தேன். அதற்குமேல் அந்தக் கற்பனைக்கு நான் சோறு போடவில்லை. நினைப்பு வருவதை யாரும் தடுக்க முடியாது; செய்வதைத் தடுக்கலாம்.

இருபதாம் தேதி டெஹ்ரானுக்கு இரண்டு விமானச் சீட்டுகள் வாங்கியிருக்கிறேன். பரஸ்து தன் வகுப்புத் தோழிகளைக் கேட்டு அழுகிறாள். வருவதற்கு எனக்கும் மனம் இருக்கிறது, எழுதுவதற்குக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். கமாலியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். அவர் அழட்டும், கோபப்படட்டும், உங்களை அடிக்கட்டும். அந்த வரி வராமல் நாங்கள் விமானம் ஏற மாட்டோம்.

மஹின்


டெஹ்ரான், ஃபர்வர்தீன் 15

மஹின் ஜான்,

உன் கடிதம் பதினொன்றாம் தேதியே கிடைத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முடியும்வரை பொறுமையாகப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பதிமூன்றாம் நாள் விடியற்காலையில் நான் தனியாக மேலே போனேன். கீழே பாதாம் பூத்திருந்தது, சரிவில் இன்னும் பனி. மேல்குடில் பூட்டியிருந்தது. சுவரோரம் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது, காற்று எழுந்தது. இறங்கினேன்.

பனிச்சரிவுக்குக் கீழே அவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கமாலி முன்னால், முகம் பீட்ரூட்டைப் போல. சொரய்யா கையில் சாப்பாட்டுத் துணிமூட்டை. பெண்கள் இரண்டு பேரும் துணிக் காலணியில். சொரய்யாதான் முதலில் கேட்டாள்: "களைப்பில்லாம இருங்க, இன்ஜினியர். இந்த மனுஷன் சொல்றத நான் நம்பல, நீங்க சொல்லுங்க. இன்னும் தூரமா? திறந்திருக்கா?"

நீ கேட்ட வரியைச் சொல்ல வாய் எடுத்தேன். என்னை நம்பு. என் பையன் பெயர்கூட நாக்கில் இருந்தது. அப்போது கமாலி கண்ணைச் சிமிட்டி, "சொல்லுங்க இன்ஜினியர், நம்ம ஆள் மேல டீ போட்டு வச்சிருக்கான்ல" என்றார். அதே வார்த்தைகள்.

"திறந்திருக்கு" என்றேன். "இந்த வளைவு தாண்டினா குடில்தான்."

அவ்வளவுதான். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவர் பாறைக்கு மேல் போகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் ஆபத்து இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மஷ் ரஜபின் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது, மேலே அது பனியாகத்தான் விழுந்திருக்கும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் பசித்தது, தக்காளி போட்ட முட்டைப் பொரியல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "என்ன இன்ஜினியர், பாதையவே பாத்துக்கிட்டு இருக்கீங்க, யாரும் வரணுமா?" என்று ரஜப் கேட்டார். "இல்லை" என்றேன்.

மதியம் சாய்ந்தபின் வந்தார்கள். நனைந்து, நடுங்கி, ஆனால் நான்கு பேரும். சின்னவள் அப்பாவின் தோளில். கமாலி என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"போய்ட்டு வந்துட்டோம் இன்ஜினியர். நீங்க சொன்ன மாதிரியே திறந்திருந்தது. டீ பிரமாதம். நூரோல்லா உங்கள விசாரிச்சான்."

சொரய்யா தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய பெண் என்னவோ சொல்ல வாயைத் திறந்தது, அம்மா அதன் கையை அழுத்தினாள். அவர்கள் பாறையிலேயே திரும்பியிருக்கிறார்கள் அல்லது பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், எது என்று எனக்குத் தெரியாது. என்னைப் பொய்யனாக்கக் கூடாது என்று எனக்காகப் பொய் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து தன் கோப்பையிலிருந்து எனக்கும் ஊற்றினார்.

எதுவும் நடக்கவில்லை, மஹின். அந்த நொடியில் எனக்குள் இருந்தது எல்லாம் இறங்கிப் போய்விட்டது. இனி அவரிடம் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது. இருபதாம் தேதி விமான நிலையத்துக்கு வருகிறேன். ஹூமனின் அறைக் கதவைத் திறந்து, ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறேன்.

உன் மனூசெஹர்


புஷெஹர், ஃபர்வர்தீன் 19

மனூசெஹருக்கு,

நாளை விமான நிலையத்துக்குப் போக வேண்டாம்; தபால் அதற்குள் வராது என்பதால் இன்று விமானத்தில் வரும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பரஸ்துவை இங்கே ஆஸரின் தெருவிலுள்ள பள்ளியில் சேர்த்திருக்கிறேன். நான் ராஜினாமாக் கடிதத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டேன், இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியலுக்கு ஆள் தேடுகிறார்கள்.

எதுவும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பாறையிலிருந்து திரும்பிவிடுவார் என்று தெரிந்ததால் ஆபத்து இல்லை என்று நினைத்தீர்களாம். அது உண்மையானால் ரஜபின் கடையில் ஏன் காத்திருந்தீர்கள்? ஆபத்து இல்லாத ஒரு குடும்பத்துக்காக யாரும் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. துணிக் காலணி போட்ட இரண்டு பெண்கள். அவர்கள் காலில் என்ன இருந்தது என்பதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் நீங்கள் சொன்னீர்கள். பசித்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் என்னால் ஒரு விளக்கம் யோசிக்க முடிந்தது. அதற்கு முடியவில்லை.

கமாலி நம் மகனிடம் பொய் சொன்னபோது கதவு பூட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே உள்ள தூரம் அதுதான். அவருடைய பொய்யில் ஹூமன் செத்தான், உங்களுடையதில் யாரும் சாகவில்லை. ஆனாலும் என் மகளை நான் யாரிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவேன் என்று கேட்டால், அவரிடம் விட்டுவிட்டுப் போவேன்.

நேற்று தபால் நிலையத்திலிருந்து தஜ்ரீஷில் உள்ள அவருடைய கடைக்குப் பேசினேன். எண்ணை விசாரித்து வாங்குவது கடினமாக இல்லை. நான் யார் என்று சொன்னேன். நம் மகனின் பெயரைச் சொன்னேன், அந்த நாளைச் சொன்னேன், ஷாஹின் தன் காதால் கேட்டதைச் சொன்னேன். முதலில் "நீங்க ஆள் மாத்திப் பேசறீங்கம்மா" என்றார். பிறகு, "நான் எல்லார்கிட்டயும் சொல்றதுதான் சொன்னேன்" என்றார்.

"தெரியும்" என்றேன். "அதுக்காக உங்களக் கூப்பிடல."

"இன்ஜினியருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முதல் வெள்ளிக்கிழமையிலேர்ந்து."

 கடையில் யாரோ கண்ணாடியின் விலையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவர் மிகவும் மெதுவாக, "பதிமூணாம் நாள் பூட்டியிருக்குன்னு அவருக்கு..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை. அழுகிறாரா என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியை வைத்துவிடவும் இல்லை. தபால் நிலையத்துக்காரர் நேரம் முடிந்துவிட்டது என்று தொலைபேசிக் கூண்டின் கண்ணாடியைத் தட்டும்வரை நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனி எனக்கு எழுதுவதானால் பரஸ்துவைப் பற்றி மட்டும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கமாலி தரக்கேவுக்கு வந்தால், அவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுங்கள். வராவிட்டால் அவருடைய கடைக்குப் போகாதீர்கள்.

மஹின்